பலசாலிகளுக்குப் பட்டம் கொடுத்தவர்

ஒரு ஆள் இருபது கிலோ அரிசி மூட்டையை எப்படித் தூக்குகிறார் என்பதைப் பார்த்தே அவருடைய முழுச் சாதகத்தையும் சொல்லிவிடலாம் என்று நம்பிய ஒருவர் எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தார். ஜேர்மனியில் மார்க் போய் யூரோ வந்து, எல்லோரும் எல்லா விலையையும் இரண்டால் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்ட காலம் அது. வுப்பர்டாலில் தொங்கு ரயில் தலைக்கு மேலால் ஓடும் தெருவில் நானும் கணவரும் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தோம். வாசலோரம் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், சனிக்கிழமைகளில், அவர் வந்து நின்றுவிடுவார். வாங்குவது ஒரு கட்டு வெற்றிலையோ ஒரு பிடி முருங்கைக்காயோதான். நிற்பது மத்தியானம் வரைக்கும்.

உயரம் கட்டையான, மெலிந்த மனிதர். குளிர்காலத்தில் அந்தப் பெரிய ஜாக்கெட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டும். வுப்பர்டால் தமிழர் எல்லோரும் அவரை அமெரிக்கா அண்ணை என்றார்கள். சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ தெரியாது.

பலசாலி என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்குவது அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. அவரிடம் அதற்கு வகை வகையாகப் பட்டங்கள் இருந்தன. கனகாலம் அவை இங்கிலீஷ் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஷ்டார்கர் எண்டால் சும்மா உடம்புப் பலம் மட்டுமில்லை, தங்கச்சி. அவன் நிண்டால் நிண்டதுதான். நியூயோர்க்கிலை அடியாளுக்கும் அந்தச் சொல்தான், ஆனால் நல்ல ஆளுக்கும் அதுதான். புல்வான் வேறை. அவனுக்குப் பலம் இருக்கு, மூளையை ஆரோ களவெடுத்துப் போட்டாங்கள். க்நாக்கர் எண்டால் வாயாலை மலை புரட்டுற ஆள். கையாலை ஒரு போத்தல் மூடி திறக்க ஏலாது."

"அப்ப ஒண்டுமே இல்லாத ஆளுக்கு?" என்று நான் கேட்டேன்.

"அது நெபிஷ். பாவப்பட்ட பிறவி. பாத்தாலே ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்கச் சொல்லும்."

அதன் பிறகு எங்கள் கடைக்குள் பட்டமளிப்பு விழா ஓயவே இல்லை. ஒரு மீசைக்காரர் வந்து இரண்டு மூட்டையை இரண்டு தோளிலும் ஏற்றிக்கொண்டு திரும்பிய வேகத்தில் ஊறுகாய் அலுமாரியை இடித்து விழுத்தினார். நான் உடைந்த போத்தல்களைப் பார்த்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் அருமையான கச்சேரி கேட்டவர் போலத் தலையை ஆட்டினார். "பாத்தீரே, அசல் புல்வான்!" கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி, தான் ஊரில் தனியாக ஒரு கிணறு வெட்டிய கதை சொன்ன ஒருவருக்கு, மூட்டையைத் தூக்கும் நேரம் வந்ததும் இடுப்பு நாரி பிடித்துவிட்டது. மனைவி தூக்கினாள். அமெரிக்கா அண்ணை என் பக்கம் குனிந்து, "க்நாக்கர். சந்தேகமே இல்லை" என்றார்.

ஆனால் ஓரவஞ்சனை இல்லாத மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் கடைக்கு முன்னால் தப்பான இடத்தில் நின்ற அவருடைய காருக்கு நகரசபைப் பெண் ஒருத்தி தண்டச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கொட்டுகிற மழை. நான், "அண்ணை, ஓடிப்போய்க் கதையுங்கோ, விடுவாள்" என்றேன். அவர் அசையவில்லை. கண்ணாடிக்குள்ளால் அவளையே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடையும் இல்லை. தலையாலை தண்ணி ஓடுது. ஒரு எழுத்துப் பிழைக்காமல் எழுதுறாள் பாருங்கோ. இவளெல்லோ ஷ்டார்கர்!" பிறகு வெளியே போய் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் விழாவுக்குப் போன வீடுகளில்தான் அவரால் பெரிய கரைச்சல். தொட்டிலுக்குள் விரலை நீட்டிக் குழந்தை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பார். ஷ்டார்கர் என்றால் அந்த வீட்டில் அவருக்கு இரண்டாம் தரம் பாயசம் கிடைக்கும். ஒரு பிள்ளையின் விரலில் பிடி இல்லையென்று நெபிஷ் என்று சொல்லிவிட்டார். அர்த்தம் தெரியாமல் சிரித்த பெற்றோர், தெரிந்த பிறகு ஒரு வருசம் அவரோடு கதைக்கவில்லை. அந்தப் பிள்ளை பிறகு நன்றாக வளர்ந்து எங்கள் கடையில் பனங்கிழங்கு மாப் பெட்டிகளை உதைத்துத் திரிந்தபோது, "திருத்தத்துக்கு இடமிருக்கு" என்று அவர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார்.

இவ்வளவு வீரத்தையும் அளந்த மனிதர், கடைக்கு அடுத்த வீட்டுக் கிழவரின் நாயைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவார். நாய் என்றால் பெரிய நாய் இல்லை. வயிறு நிலத்தில் முட்டுகிற குட்டைக்கால் நாய். "அதுக்குக் குலைக்கத்தான் தெரியும், க்நாக்கர்" என்று எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று எனக்குக் கத்திச் சொல்வார்.

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன். இளவயதில் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, நியூயோர்க்கில் கப்பல் நின்ற இடத்தில் இறங்கி, திரும்பி ஏறாமலே விட்டவர். புரூக்ளினில் ஒரு யூதக் கிழவரின் ஊறுகாய்ப் பண்டகசாலையில் வேலை. வெள்ளரிக்காய் ஊறப்போட்ட பீப்பாய்களை உருட்டுவது. முதல்நாள் கிழவர் இவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு, "நெபிஷ்" என்றாராம். "என்னை ஒருத்தரும் அப்பிடி வடிவாப் பாத்ததில்லை, தங்கச்சி. திட்டினாலும் பாத்துத் திட்டினவர்" என்று அதைப் பெருமையாகச் சொல்வார். அங்கே பீப்பாய் உருட்டும் எல்லோருக்கும் பட்டம் உண்டு. சம்பளத்தைவிட அதைப் பற்றித்தான் அவர்கள் மத்தியானச் சாப்பாட்டில் சண்டை பிடிப்பார்களாம்.

அந்தச் சொற்கள் எங்கேயிருந்து வந்தவை என்பதை எங்களுக்குச் சொன்னது எங்கள் வாடிக்கையாளர் ஒருவர். ஓய்வுபெற்ற ஜேர்மன் ஆசிரியை, மஞ்சள்தூள் வாங்க வருவார். அன்று அமெரிக்கா அண்ணை வழக்கம்போல யாருக்கோ பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா நின்றுவிட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இவர் நான்கு சொல்லையும் வரிசையாகச் சொன்னார். அது யிட்டிஷ், கிழக்கு ஐரோப்பாவின் யூதர்களுடைய பாஷை, ஜேர்மன் பாஷைக்கு நெருங்கிய சொந்தம், அமெரிக்காவுக்குப் போனவர்கள் வழியாக நியூயோர்க் தெருப்பேச்சிலும் கலந்துவிட்டது என்று அவர் விளக்கினார். பிறகு, "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் எதிர்வீட்டில் போலந்திலிருந்து வந்த குடும்பம் இப்படித்தான் கதைக்கும். பிறகு அந்த வீடு வெறுமையாகிவிட்டது" என்றார். மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அமெரிக்கா அண்ணைக்கு அது புதுச் செய்தி இல்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "நான் கலியாணம் செய்ய ஜேர்மனிக்குப் போறன் எண்டு கிழவனிட்டைச் சொன்னனான். அவரின்ரை தாய் தேப்பன்ரை ஆக்கள் கனபேர் அந்தச் சண்டைக் காலத்திலை இங்கைதான் கொல்லப்பட்டவை. கிழவன் பீப்பாய் மூடியைக் கீழை வைச்சிட்டு என்னைப் பாத்தார். பிறகு சொன்னார், போ, போய் அங்கை இந்தச் சொல்லெல்லாத்தையும் சத்தமாச் சொல்லு எண்டு." அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. அதுவரைக்கும் அவர் கடைக்குள் நின்று கத்துவது வாய்க்கொழுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். பாதி வாய்க்கொழுப்புத்தான், அதையும் மறுக்கவில்லை.

அவர் ஜேர்மனிக்கு வந்தது மனைவியின் விசாவில். அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாகத் தனியே வந்து, அகதி முகாமில் இருந்து, பாஷை படித்து, டுசல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தவ. விடிய எழும்பி ரயில் ஏறுவா. நடக்க ஏலாத ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கி இருத்தி, குளிக்க வார்த்து, திரும்பக் கிடத்துகிற வேலை. சத்தமில்லாத மனுசி. கணவர் புரூக்ளின் கதை சொல்லும்போது பக்கத்தில் நின்று வெண்டிக்காய் முறித்துப் பார்ப்பா. அக்கா என்ன கதை வைத்திருக்கிறா என்று யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு விளையாட்டுப் போட்டி நடக்கும். சாக்கோட்டம், தலையணைச் சண்டை, சங்கீதக் கதிரை எல்லாம் உண்டு. ஆனால் மானம் போவதும் வருவதும் பெண்கள் கயிறிழுத்தலில்தான். ஒரு அணிக்கு எட்டுப் பேர். வுப்பர்டால் பெண்களான நாங்கள் டுசல்டோர்ஃப் பெண்களிடம் தோற்றுத் தோற்றே பழகியிருந்தோம். டுசல்டோர்ஃபின் தலைவி வேறு யாருமில்லை, என் கணவரின் தங்கை, என் மச்சாள். ஒவ்வொரு முறையும் வென்றுவிட்டு வீட்டுக்கு வந்து, "மச்சாள், கையெல்லாம் நோகுதோ? நான் வேணுமெண்டால் சமைக்கட்டோ?" என்று கேட்பாள். அந்தப் பரிவுதான் எனக்குத் தாங்காது.

அந்த வருசம் அமெரிக்கா அண்ணை எங்கள் அணியைத் தானே தெரிவு செய்வதாக அறிவித்தார். "இந்த முறை தோத்தால் நான் உந்தக் கடைவாசலிலை நிக்கமாட்டன். ஒருத்தருக்கும் பட்டமும் குடுக்கமாட்டன். இது சத்தியம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவருக்கு அது எவ்வளவு பெரிய சத்தியம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த மனிதரிடமிருந்து அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஜாக்கெட் மட்டும்தான்.

தெரிவு அரிசி மூட்டை முன்னிலையில் நடந்தது. பெண்களை வரிசையாக நிறுத்தித் தூக்கச் சொன்னார். முகத்தைச் சுளிக்கிறவள் வேண்டாம், தூக்கும்போது கதைக்கிறவள் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்து, "நீங்கள் ஷ்டார்கருக்குக் கிட்ட வந்திட்டியள், தங்கச்சி. கோவம் வந்தால் முழுசா வந்திடுவியள்" என்றார். பக்கத்து ஊரான ரெம்ஷைட்டில் வசித்து, தினமும் வந்து எங்கள் ஊரில் துப்புரவு வேலை செய்த ஒரு வாட்டசாட்டமான பெண்ணை எப்படியும் சேர்க்க வேண்டும் என்று விழாக் குழுவோடு தொலைபேசியில் மல்லுக்கட்டினார். வசிக்கிற ஊருக்கு மட்டுமில்லை, வேலை செய்கிற ஊருக்கும் இழுக்கலாம் என்று விதியையே மாற்ற வைத்துவிட்டார். அன்று முழுக்க அந்த வெற்றியிலேயே மிதந்தார்.

ஏழு பேர் ஆகிவிட்டது. ஒரு இடம் மிச்சம். அப்போது வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அக்கா மெதுவாக, "நான் வரட்டோ?" என்றா.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீரோ? உமக்கேன் உந்த விசர் வேலை? நெபிஷுக்கு அப்பா அம்மா நீர்தான். காத்தடிச்சால் வுப்பர் ஆத்துக்கை விழுந்திடுவீர்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தா. "எனக்கு வர விருப்பம் எண்டுதான் கேட்டனான்" என்றா. அதற்குள் அவர் எட்டாவது ஆளாக ஒரு உயரமான பெண்ணைப் பிடித்து மூட்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அக்கா காசைத் தந்தா. ஒரு மூட்டையை இழுத்து, முழங்காலை மடித்து, இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கையில் காய்கறிப் பையோடு தொங்கு ரயில் படியில் ஏறிப் போனா. நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படியிலும் நின்று மூச்சு வாங்கவில்லை. அவர் அந்த உயரமான பெண்ணுக்கு ஷ்டார்கர் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு மாதமும் எங்களை அவர் பாடாய்ப் படுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி இழுக்கச் சொல்வார். மரத்தை இழுத்து என்ன காண்பது என்று கேட்டால், "மரம் அசையாது எண்டு தெரிஞ்சும் இழுக்கிறவள்தான் ஷ்டார்கர்" என்பார். ஒரு ஜேர்மன் தம்பதி நின்று, மரத்தை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். அக்காவை அந்த ஞாயிறுகளில் காணவில்லை. கேட்டதற்கு, "அவவுக்கு இப்ப ஞாயிறும் வேலையாம்" என்றார். மேற்கொண்டு அவரும் விசாரிக்கவில்லை.

போட்டிக்கு முதல்நாள் இரவு மழை. மைதானம் சேறாகிக் கிடந்தது. எட்டுப் பேரும் பழைய காற்சட்டையும் சப்பாத்துமாய்க் கயிற்றைப் பிடித்தோம். எதிரே என் மச்சாள் முன்னுக்கு நின்று எனக்குக் கண்ணடித்தாள். அமெரிக்கா அண்ணை எங்கள் பக்கம் கழுத்தில் ஒரு விசிலோடு நின்றார். எதிரணியை ஒவ்வொருவராகப் பார்த்துப் பட்டம் சொல்லிக்கொண்டே போனார். "புல்வான்... புல்வான்... க்நாக்கர்... அது ஒண்டும் செய்யாது... அங்காலை ஆர், கடைசியிலை கயித்தை இடுப்பிலை சுத்திக்கொண்டு?"

எல்லோரும் கயிற்றின் மறுமுனையை எட்டிப் பார்த்தோம். எங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"என்ரை மனுசியெல்லோ!" என்றார். "அவ வுப்பர்டால். அவ அங்கை நிக்க ஏலாது!"

மச்சாள் கயிற்றை விடாமலே கூவினாள். "ஏனண்ணை ஏலாது? அக்கா வேலை செய்யிறது எங்கடை ஊரிலை. விதி மாத்தினது ஆர்? நீங்கள்தானே!"

நடுவர் விசில் ஊதினார். நாங்கள் இழுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்து இழுத்தோம். அந்தப் பக்கம் முன்னுக்கு நின்ற பெண்கள் ஆடினார்கள், சறுக்கினார்கள், ஒருத்தி முழங்காலில் விழுந்தாள். கடைசி ஆள் மட்டும் வரவில்லை. அக்கா குதிக்காலைச் சேற்றில் புதைத்து, பின்னுக்குச் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி இருந்தா. பிறகு ஒரு அடி பின்னுக்கு வைத்தா. இன்னொன்று. என் கால்கள் என்னைக் கேளாமலே முன்னுக்குப் போகத் தொடங்கின. ரெம்ஷைட் பெண் மூக்கு முட்டச் சேற்றில் விழ, அவளுக்கு மேல் நான் விழுந்தேன்.

அமெரிக்கா அண்ணையின் வாய் மூடியிருந்தது. அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டாம் முறை பிடித்தோம். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும், இதிலும் தோற்றால் எல்லாம் முடிந்தது. அவருடைய சத்தியமும் முடிந்தது. தொடக்கத்தில் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தோம். அக்காவின் ஒரு கால் சறுக்கி, உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. அந்த நேரம் எனக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"இஞ்சாரும்! விடாதையும்! காலை ஊன்றும்!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. எங்கள் விசில், எங்கள் பயிற்சியாளர், எதிரணிக்குக் கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் எங்கடை ஆளோ, அவையின்ரை ஆளோ?" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். எங்கள் வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தாள். சிரிப்பு வந்தால் கயிறு நிற்காது. எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே சேற்றில் வழுக்கிக்கொண்டு டுசல்டோர்ஃபின் காலடியில் போய்க் குவிந்தோம். என் மச்சாள் கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள். இந்த முறை எனக்கு அது வலிக்கவில்லை. சொல்லப்போனால் மனது நிறைந்திருந்தது.

டுசல்டோர்ஃப் பெண்கள் அக்காவைச் சுற்றி நின்று கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். அமெரிக்கா அண்ணை சேற்றுக்குள்ளால் நடந்து அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். கூத்து அடங்கியது. எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புரூக்ளினிலிருந்து ஏதோ ஒரு பெரிய பட்டம் வரப்போகிறது என்று நினைத்தோம். அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நான் உம்மைப் பிழையாப் பாத்திட்டன்" என்றார்.

அக்கா கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தா. உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. சத்தத்தை உயர்த்தவில்லை.

"பிழையாப் பாத்திருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் என்னைப் பாக்கவே இல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அக்காவுக்குக் கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது.

"சரி, உதிலை நிக்காமல் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றா அக்கா. "ரெண்டு பக்கத்துக்கும்."

அவர் ஓடினார். இரண்டு கையிலும் கோப்பைகளோடு, பாதி சிந்தியபடி, திரும்பி ஓடிவந்தார். மற்றவர்கள் தங்கள் கோப்பைகளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அக்காவின் கை எரிந்ததால் அவர்தான் கோப்பையைப் பிடித்துப் பருக்கினார். அக்கா குடித்து முடிக்கும் வரைக்கும் அவர் வேறு ஒருவரையும் பார்க்கவில்லை.